இடைவெளிக்கு இருபுறமும்

நிரந்தரப் பற்களில் பெரும்பாலும் முதலில் முளைப்பது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். குழந்தைக்கு ஆறு வயதாகும்போது, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லாமல் வந்துவிடும். அதற்கு வழிவிட எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. அதனால் பெற்றோர் பலர் அதையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். சொத்தை தெரிந்தாலும் "விழுந்து முளைக்கப் போகிற பல்தானே" என்று விட்டுவிடுவார்கள். வாழ்நாள் முழுக்க அரைக்க வேண்டிய பல், ஒழுங்காகப் பல் துலக்கத் தெரியாத வயதில் வாய்க்குள் வந்து சேர்கிறது. முப்பது, நாற்பது வயதில் ஒரு பல் போய்விட்டது என்று பல் மருத்துவரிடம் வருபவர்களில் பலருக்குப் போயிருப்பது இந்தப் பல்தான். முன்வரிசையின் நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது. இந்த அத்தியாயத்தில் பெரும்பாலும் அந்த ஒரு பல்லையே வைத்துப் பேசுவோம்.

பல்லை எடுத்த பிறகு வரும் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: பக்கத்துப் பற்களைத் தாங்கலாக்கிப் பிரிட்ஜ் கட்டுவதா, எலும்பில் திருகைப் பதித்து அதன் மேல் பல் பொருத்தும் இம்பிளாண்ட் வைப்பதா? எது உறுதியானது, எது நெடுநாள் வரும் என்று கேட்கிறார்கள். இயல்பான கேள்விதான். ஆனால் பதில் அந்த இடைவெளியில் இல்லை. இடைவெளிக்கு முன்னால் நிற்கும் ஐந்தாவது பல்லும், பின்னால் நிற்கும் ஏழாவது பல்லும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது. ஏன் என்று புரிய, பல் தாடையில் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பல்வேர் எலும்போடு ஒட்டியிருப்பதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளி முழுக்க ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள். ஒரு முனை வேரின் மேற்பூச்சிலும் மறுமுனை எலும்பிலும் புதைந்திருக்கும். கயிற்றுக் கட்டிலில் படுத்தவரைச் சட்டம் தாங்குவதில்லை, சட்டத்தில் இழுத்துக் கட்டிய கயிறு தாங்குகிறது. பல்லும் அப்படித்தான் எலும்பில் தொங்குகிறது. ஒவ்வொரு கடியிலும் பல் மயிரிழை அளவு உள்ளே அமிழ்ந்து எழுகிறது.

அந்த நார்களுக்கு நடுவே நரம்பு முனைகளும் இருக்கின்றன. சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டால் தாடை சட்டென்று நின்றுவிடுகிறதே, அது இந்த நரம்புகளின் வேலை. இரண்டு இயற்கைப் பற்களுக்கு நடுவே ஏறத்தாழ 20 மைக்ரான் தடிமனுள்ள மெல்லிய தாளை வைத்தாலும் நாம் உணர்ந்துவிடுவோம். தலைமுடியின் தடிமன் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

இன்னொன்றும் இந்த நார்களால்தான் நடக்கிறது. பல்லைத் தாங்கும் எலும்பு விளிம்பு பல்லுக்காகவே உருவானது. கடிக்கும்போது நார்கள் இழுக்கும் இழுப்பு அதற்குத் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பல் போனதும் அது கரையத் தொடங்குகிறது. முதல் ஆண்டுக்குள் எலும்பின் அகலத்தில் பாதி வரை குறைந்துவிடலாம். அந்த இழப்பில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நடந்து முடிகிறது. அதே வேளையில் பின்னால் இருக்கும் ஏழாவது பல் முன்னோக்கிச் சாய்கிறது. கடிக்க ஜோடி இல்லாமல் போன மேல்பல் கீழே இறங்குகிறது. ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் இருந்த இடம் சுருங்கி, கோணலாகி, உயரமும் குறைந்து போகிறது. பல் போன இடம் நாக்குக்குச் சில வாரங்களில் பழகிவிடும். வலியும் இல்லை. அதனால் ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து வருபவர்கள் ஏராளம். அதற்குள் மருத்துவர் கையில் இருந்த வழிகளில் பாதி அடைபட்டிருக்கும்.

இரண்டு வழிகளில் பிரிட்ஜ் மிகப் பழையது. இன்றைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டு வாக்கிலேயே மெல்லிய தங்கப் பட்டைகளால் வளையம் செய்து, பக்கத்துப் பற்களில் மாட்டி, நடுவே மனிதப் பல்லையோ விலங்கின் பல்லையோ பொருத்தியிருக்கிறார்கள். கல்லறைகளில் கிடைத்த தாடைகளில் அவை இன்றும் இருக்கின்றன. தத்துவம் மாறவில்லை: இல்லாத பல்லின் சுமையை இருக்கும் இரண்டு பற்கள் தூக்க வேண்டும்.

இன்று வளையத்துக்குப் பதில் முழு உறை. ஐந்தாவது பல்லையும் ஏழாவது பல்லையும் சுற்றிலும் மேற்புறத்திலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை சீவி, அவற்றின் மேல் கேப் மாட்டி, நடுவே போலிப் பல்லை ஒரே வார்ப்பாகக் கோத்துவிடுகிறார்கள். மூன்றும் ஒரே துண்டு. இரண்டு மூன்று முறை போய்வந்தால் சில வாரங்களில் வேலை முடிந்துவிடும். கத்தி இல்லை, தையல் இல்லை. தாங்கும் இரு பற்களுக்கும் நார் இருப்பதால் சோற்றுக் கல்லை உணரும் திறனும் போவதில்லை.

ஆனால் சீவுவது என்ற அந்த ஒரு சொல்லைக் கடந்து போய்விடக் கூடாது. முழு உறைக்காகச் செதுக்கும்போது ஈறுக்கு மேல் தெரியும் பல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது என்று அளந்து பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. முதலில் போவது எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அது. அதை உருவாக்கும் செல்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. உடைந்த எலும்பு சேரும், கிழிந்த தோல் மூடும், எனாமலுக்கு மட்டும் இரண்டாம் வாய்ப்பு கிடையாது. எனாமலுக்குக் கீழே இருக்கும் டென்டினில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் நுண்குழாய்கள், எல்லாமே பல்லின் உயிருள்ள மையத்தை நோக்கிப் போகின்றன. சீவும்போது எழும் சூடும், பின்னால் கசியும் கிருமிகளும் அந்த வழியாக உள்ளே போகின்றன. உறை போட்ட உயிருள்ள பற்களில் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு நரம்பு செத்து, ரூட் கனால் தேவைப்படுகிறது. அதைச் செய்யப் பிரிட்ஜையே துளைக்க வேண்டியிருக்கும்.

எந்தப் பல் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கு 1926இல் இர்வின் ஆன்டே ஒரு கணக்குச் சொன்னார். தாங்கும் பற்களின் வேர்கள் எலும்புக்குள் பதிந்திருக்கும் மொத்தப் பரப்பு, இல்லாமல் போன பல்லின் வேர்ப்பரப்புக்குக் குறையக் கூடாது. விதிவிலக்குகள் பின்னாளில் நிறைய காட்டப்பட்டாலும், எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது மருத்துவரின் கண் முதலில் தேடுவது இதைத்தான். ஈறுநோயால் எலும்பு இறங்கி, பாதி வேரோடு நிற்கும் பல்லின் மேல் கூடுதல் சுமை ஏற்றினால் அந்தப் பல்லும் ஆடத் தொடங்கும்.

பிரிட்ஜ் பெரும்பாலும் உடைந்து போவதில்லை. உறையின் விளிம்பு ஈறைத் தொடும் இடத்தில் சொத்தை புகுந்து, உள்ளே இருக்கும் பல் அரித்துப் போகிறது. போலிப் பல்லின் அடியில் உணவு தங்கும். சாதாரண பிரஷ் அங்கே எட்டாது. சிறு கூம்பு பிரஷ்ஷோ, விறைத்த முனை கொண்ட நூலோ தினமும் நுழைத்து எடுக்க வேண்டும். பிரிட்ஜ் கட்டியவர்களில் எத்தனை பேருக்கு இதைச் செய்து காட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தம் வருகிறது. தாங்கும் இரண்டில் ஒன்று கெட்டாலும் மூன்றும் சேர்ந்து கழல்கின்றன. ஒரு பல் இல்லாமல் வந்தவர் இரண்டு பல் இல்லாமல் திரும்பி வருவது இப்படித்தான்.

இம்பிளாண்ட்டின் கதை ஒரு முயலின் காலில் தொடங்குகிறது. 1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற இளம் மருத்துவ ஆய்வாளர் எலும்பு எப்படி ஆறுகிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். பல்லுக்கும் அவருக்கும் அப்போது சம்பந்தம் இல்லை. உயிருள்ள எலும்புக்குள் ரத்த ஓட்டத்தை நுண்ணோக்கியால் பார்க்க, டைட்டானியத்தில் செய்த சிறு கூடு ஒன்றை முயலின் கால் எலும்பில் பதித்திருந்தார். வேலை முடிந்து அந்த விலையுயர்ந்த கூட்டை எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றாகிவிட்டிருந்தது.

உடல் வேற்றுப்பொருளை ஏற்காது, உலோகத்தைச் சுற்றி நார்த்திசு உறை ஒன்றைக் கட்டி ஒதுக்கி வைக்கும் என்பதே அன்றைய பாடம். டைட்டானியம் அதை மீறியது. காற்றுப் பட்ட கணத்திலேயே அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடுப் படலம் உருவாகிறது. எலும்புச் செல்கள் சந்திப்பது அந்தப் படலத்தைத்தான். அது அவற்றுக்கு இடையூறு செய்வதில்லை, அவை அதன் மேலேயே புது எலும்பைப் படிய வைக்கின்றன. 1965இல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் பிரோனமார்க் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடும் பல்லின்மையும் கொண்டவர் லார்சன். 2006இல் அவர் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை அவர் வாயில் வேலை செய்தன. ஆனாலும் பல் மருத்துவ உலகம் நெடுநாள் நம்பவில்லை. 1982இல் டொராண்டோ மாநாட்டில் பல ஆண்டுகளின் நோயாளிப் பதிவுகள் முன்வைக்கப்பட்ட பிறகே வட அமெரிக்கா திரும்பிப் பார்த்தது. (மாயா நாகரிகத்தினர் இதற்கு வெகுகாலம் முன்பே தற்செயலாக அருகில் வந்திருக்கிறார்கள். ஹோண்டுராஸில் 1931இல் கிடைத்த, கி.பி. 600 அளவிலான ஒரு தாடையில் சிப்பி ஓட்டுத் துண்டுகள் பல் வடிவில் செதுக்கிச் செருகப்பட்டிருந்தன. 1970இல் எக்ஸ்ரே எடுத்தபோது அவற்றைச் சுற்றி எலும்பு வளர்ந்திருப்பது தெரிந்தது. உயிரோடு இருந்தவருக்கே அவற்றைப் பொருத்தியிருக்கிறார்கள்.)

இன்று நடப்பது இதுதான். ஈறை மரக்கச் செய்து, எலும்பில் மெதுவாகத் துளையிட்டு, திருகை இறக்குகிறார்கள். துளையிடும்போது உப்புநீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எலும்பு ஒரு நிமிடம் 47 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அந்த இடத்துச் செல்கள் சேதமடைகின்றன, சேதமடைந்த எலும்பு உலோகத்தோடு சேராது. பிறகு காத்திருப்பு. பிரோனமார்க்கின் மூல முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், எலும்பு மென்மையான மேல்தாடைக்கு ஆறு மாதம். திருகின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் முறைகள் வந்த பிறகு இந்தக் காலம் பலருக்குக் குறைந்திருக்கிறது. கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு எலும்புக்குள்ளேயே ஓடுவதால், துளை எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை முப்பரிமாண ஸ்கேனில் முன்பே அளந்துவிட வேண்டும்.

பக்கத்துப் பற்களை இம்பிளாண்ட் தொடுவதே இல்லை. அதற்குச் சொத்தையும் வராது. எலும்புக்குக் கடியின் அழுத்தம் மறுபடி கிடைப்பதால் கரைதலும் பெருமளவு தடைபடுகிறது.

ஆனால் கயிறு இல்லாத கட்டில் இது. எலும்பும் உலோகமும் நேரடியாகப் பிணைந்திருப்பதால் அமிழ்ந்து எழுவது இல்லை, தொட்டறிவதும் மந்தம். எதிரே இயற்கைப் பல் இருந்தாலும், உணர ஏறத்தாழ 50 மைக்ரான் தேவைப்படுகிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் தங்களை அறியாமலேயே அதன் மேல் அளவுமீறிய சுமையை ஏற்றிவிடுவார்கள். இன்னொரு குறை ஈறில் இருக்கிறது. இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் குறுக்காகப் புதைந்து அரண் அமைக்கின்றன. டைட்டானியத்தில் புதைய இடமில்லாமல் பக்கவாட்டில் ஓடுகின்றன. அதனால் கிருமி ஒருமுறை உள்ளே புகுந்தால் எலும்பு வரை எளிதாக இறங்கிவிடும். சுற்றியுள்ள எலும்பு வலியே இல்லாமல் கரையும். ஈறில் ரத்தம் கசிவதுதான் முதல் அறிகுறி, சிலருக்கு ஒரே அறிகுறி.

இனி எண்கள். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான ஒரு கணக்கின்படி, பத்து ஆண்டுகள் கழித்தும் நிலைத்திருந்த சாதாரண பிரிட்ஜ்கள் 89.2 சதவீதம். இம்பிளாண்ட் மேல் பொருத்திய தனிப் பற்கள் 89.4 சதவீதம். நடைமுறையில் வித்தியாசமே இல்லை. "எது நெடுநாள் வரும்" என்ற கேள்விக்கு மதிப்பு இல்லாமல் போவது இதனால்தான். போகும்போது எதைக் கொண்டுபோகிறது என்பதே கேட்க வேண்டியது. பிரிட்ஜ் தோற்றால் அதைத் தாங்கிய பல் ஒன்றும் சேர்ந்து போகக்கூடும். இம்பிளாண்ட் தோற்றால் எலும்பு கொஞ்சம் போகும், அண்டைப் பற்கள் அப்படியே நிற்கும்.

ஆகவே முப்பது வயதுக்காரர் ஒருவர், ஐந்தும் ஏழும் சொத்தையே இல்லாமல் இருக்கும்போது அவற்றைச் சீவச் சம்மதிப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். அவர் முன்னால் இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் அந்தப் பிரிட்ஜை இரண்டு மூன்று முறையாவது மாற்ற வேண்டி வரும், ஒவ்வொரு முறையும் பல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பணம் இப்போது இல்லையென்றால், கழற்றி மாட்டும் ஒரு பல்லை வைத்து இடத்தைக் காத்துக்கொண்டு, சேர்த்த பிறகு இம்பிளாண்ட்டுக்குப் போகலாம். அதே இடைவெளி, ஆனால் ஐந்தில் பெரிய அடைப்பு, ஏழில் ஏற்கெனவே ரூட் கனால் என்றால் நிலைமை தலைகீழ். அந்த இரண்டு பற்களுக்கும் எப்படியும் உறை தேவை. அவற்றை இணைத்துப் பிரிட்ஜ் கட்டுவது அறுவை இல்லாமல் மூன்று வேலையையும் ஒரே செலவில் முடிக்கும். அங்கே இம்பிளாண்ட்டை வற்புறுத்துவது நோயாளிக்குச் செய்யும் நல்லது அல்ல.

பற்களைத் தாண்டி உடலும் கணக்கில் வரும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. நீரிழிவு இம்பிளாண்ட்டுக்குத் தடையல்ல, கட்டுக்குள் இல்லாத நீரிழிவுதான் தடை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எட்டு சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பல மருத்துவர்கள் முதலில் சர்க்கரையைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். சொல்லாதவரிடம் நீங்களே கேளுங்கள். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்த ஓட்டம் குறைவு, இம்பிளாண்ட் தோற்கும் வாய்ப்பு அதிகம். ஈறுநோயால் பற்களை இழந்தவருக்கு, அந்த நோயை அடக்காமல் இம்பிளாண்ட் வைத்தால் அதே நோய் திருகைச் சுற்றியும் வரும். எலும்புத் தேய்வுக்காகவோ எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்காகவோ பிஸ்பாஸ்பொனேட், டெனோசுமாப் வகை மருந்து எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாடை எலும்பைத் தொந்தரவு செய்தால் சிலருக்கு அந்த இடம் ஆறாமலே செத்துப்போகும் என்பது பிஸ்பாஸ்பொனேட் விஷயத்தில் 2003 முதலே அறியப்பட்ட உண்மை. எழுபது வயது அம்மா ஒருவருக்கு மாதக்கணக்கில் நடக்க வேண்டிய சிகிச்சையைவிட இரண்டு வாரப் பிரிட்ஜ் உகந்ததாக இருக்கலாம். வயது மட்டுமே அதைத் தீர்மானிக்காது, அவர் விருப்பத்தையும் கேட்க வேண்டும்.

மறுமுனையில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை இழந்த பதினான்கு வயதுப் பிள்ளை. வளர்ச்சி முடியாத தாடையில் இம்பிளாண்ட் வைக்கக் கூடாது. மற்ற பற்கள் தாடையோடு சேர்ந்து வளர்ந்து இறங்கும், நார் இல்லாத திருகு இருந்த இடத்திலேயே நிற்கும், சில ஆண்டுகளில் அந்தப் பல் மட்டும் உயரம் குறைந்து தெரியும். முழுப் பிரிட்ஜுக்காக இளம் பற்களைச் சீவுவதும் கொடுமை. இங்கே கைகொடுப்பது ஒட்டுப் பிரிட்ஜ். எனாமலை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் பிடித்துக்கொள்ளும் என்று 1955இல் மைக்கேல் புவனகோர் காட்டியதன் தொடர்ச்சி இது. போலிப் பல்லின் பக்கத்தில் இருக்கும் மெல்லிய இறக்கையை அண்டைப் பல்லின் உட்புறத்தில் ஒட்டிவிடுவார்கள், பல்லைச் சீவுவது மிகக் குறைவு. தொடக்கத்தில் இருபுறமும் இறக்கை வைத்தார்கள், அடிக்கடி கழன்றது. ஜெர்மனியின் கீல் நகரில் மத்தியாஸ் கேர்ன் குழுவினர் ஒரே இறக்கையோடு செய்து பார்த்தார்கள், அது வெகுகாலம் நின்றது. காரணம் அந்த நார்களேதான். இரண்டு பற்களும் கடியின்போது தனித்தனியாக அசைகின்றன, இரண்டையும் இறுகப் பிணைத்தால் ஒட்டு பிய்கிறது. ஒன்றில் மட்டும் ஒட்டினால் போலிப் பல்லும் அதனோடு சேர்ந்து அசைகிறது.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் சில நேரம் சரியான சிகிச்சை. போனது ஏழாவது பல், அதற்குப் பின்னால் ஞானப்பல்லும் இல்லை என்றால், மெல்லுவதில் பெரிய குறை வராது. நெதர்லாந்தின் நைமெகன் நகரில் ஆர்ன்ட் கைசர் 1981இல் எழுதிய ஆய்வுக்குப் பிறகு, முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் நன்றாக இருந்தால் இருபது பற்களோடே பெரும்பாலோர் நிறைவாக மெல்ல முடியும் என்பதைப் பல் மருத்துவம் ஏற்றுக்கொண்டது. எல்லா இடைவெளியையும் நிரப்பியே தீர வேண்டும் என்று சொல்பவரிடம் ஏன் என்று கேட்கலாம்.

பல்லைப் பிடுங்கும் முன்பே இந்தப் பேச்சை முடித்துவிடுவது நல்லது. இம்பிளாண்ட்தான் என்று முடிவானால், பிடுங்கிய குழியில் எலும்புத் துகளை நிரப்பி அகலம் கரைவதைக் குறைக்க வழி உண்டு. ஆறு மாதம் கழித்து நினைத்தால் அந்த வாய்ப்பு இருக்காது. பிரிட்ஜ் கட்டியவர் அதன் அடியில் நூல் நுழைக்கும் முறையை மருத்துவரின் நாற்காலியிலேயே தன் கையால் செய்து பழக வேண்டும். இம்பிளாண்ட் வைத்தவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈறைக் காட்ட வேண்டும். அதோடு திருகின் நிறுவனம், வகை, விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனத்தின் திருகுக்கு இன்னொன்றின் சாவி பொருந்தாது. இருபது ஆண்டு கழித்து வேறோர் ஊரில் மேல்பாகம் தளர்ந்தால், அதைத் திறக்கப் போகும் மருத்துவர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.